இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள்

விசாரணை அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நீள்மேசையின் தலைப்பக்கத்தில், சன்னலுக்கு முதுகு காட்டி, சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி சூசைமாணிக்கம். அவருக்கு வலப்புறம் பொறியாளர் நிவேதிதா. இயக்கச்சட்டையை வடிவமைத்த குழுவின் தலைவி. இடப்புறம் தாராபுரம் இயக்கநல நிலையத்தின் பொறுப்பாளர் கதிர்ச்செல்வன். மேசையின் மறுகோடியில், மற்ற நாற்காலிகளைவிட நான்கு விரற்கடை தாழ்ந்த ஒரு நாற்காலியில், பிசியோதெரபிஸ்ட் தமயந்தி. கதவோரப் பெஞ்சில் அவளுடைய சாட்சிகள் இருவர்: லாரி ஓட்டி ஓய்ந்த ராக்கியப்பன், பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் பழனாத்தாள்.

இதையெல்லாம் தமயந்தி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எதை எழுதினாலும் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று தொடங்குவது அவள் வழக்கம். இன்றைக்குப் பெயர்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பத்தி போட்டாள். மூன்று பேர் இயக்கச்சட்டை அணிந்திருந்தார்கள். சாம்பல் நிறக் கழுத்துப்பட்டி மேல்சட்டைக்கு வெளியே தெரிந்தது. அந்த மூவருமே வலது தோளைத் தாழ்த்தி, இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து, கண்ணுக்குத் தெரியாத கட்டில் ஒன்றின் மேல் குனிந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். மூவருமே பேனாவைக் கட்டைவிரலால் பிடிக்கவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், சிகரெட்டைச் செருகுவதுபோலச் செருகியிருந்தார்கள்.

"எழுதி முடிச்சாச்சா?" என்றார் சூசைமாணிக்கம்.

"முடிச்சுட்டனுங்க சார். நீங்க ஆரம்பிக்கலாம்."

அவர் கோப்பைப் பிரித்தார். "உங்க நோயாளிகள் ஒன்பது பேர். அதோட நீங்க. பத்துப் பேரோட இயக்கச்சட்டையைப் பதினாலு மாசமா கழட்டி வெச்சிருக்கீங்க. பத்துப் பேருக்கும் ஒப்புமை எண் பூஜ்யம். விலக்குக்குக் காரணம்னு இருக்கற இடத்துல 'சட்டை இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அதைத் தோல் ஒவ்வாமைன்னு எடுத்துக்கிட்டு பொறி இத்தனை நாளும் விலக்கு குடுத்துட்டே இருந்திருக்கு. ஒத்துக்கறீங்களா?"

"எழுதினதையும் ஒத்துக்கறேன். தோல்ல ஒண்ணுமில்லைங்கறதையும் ஒத்துக்கறேன்."

"வருத்தம் தெரிவிச்சு ஒரு கடுதாசி குடுத்தா எச்சரிக்கையோட முடிச்சுடலாம்னு கதிர்ச்செல்வன் கேட்டுக்கிட்டார். இல்லேன்னா உங்க தொழில் பதிவு ரத்தாகும். இருபத்திரெண்டு வருஷ வேலை."

"கடுதாசி எழுதறதுல எனக்கொரு சிரமமும் இல்லீங்க சார். வருத்தம்தான் இல்லை."

கதிர்ச்செல்வன் மேசைக்கு அடியில் காலால் தரையைத் தட்டினார். கல்லூரி நாளிலிருந்து அவளை அடக்குவதற்கு அவருக்கிருந்த ஒரே வழி அதுதான். அது ஒருமுறையும் பலித்ததில்லை.

இயக்கச்சட்டை வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அது கட்டாயம். சட்டை, கால்சட்டை, மெல்லிய கையுறை. காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை, நெசவுக்குள் ஓடும் நுண்கம்பிகள் தசைகளைச் சிறு மின்துடிப்பால் எழுப்பி உடலை இயக்கும். அணிந்தவர் எதுவும் செய்ய வேண்டாம். செய்தி கேட்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம், நின்றபடி அரைத்தூக்கம்கூடப் போடலாம்.

யாருடைய உடற்பயிற்சியை மாநிலத்துக்கு அணிவிப்பது என்ற கேள்வி தொடக்கத்தில் எழுந்தது. ஓட்டக்காரர்களின் உடல் சாதாரண மனிதருக்குத் தாங்காது. ஊருக்கெல்லாம் பயிற்சி சொல்லித்தருகிறவர்கள் தாமும் தினமும் முறையாகச் செய்கிறவர்களாகத்தானே இருப்பார்கள் என்று சட்டையைக் கொண்டுவந்த ஆணையம் எண்ணியது. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிசியோதெரபிஸ்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பதிவுச்சட்டை அணிவித்தார்கள். தொண்ணூறு நாள் வழக்கம்போல வாழச் சொன்னார்கள். வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு படிவமும் கொடுத்தார்கள். சராசரி ஐந்தேகால் நாள் வந்தது. அந்தத் தொண்ணூறு நாள் அசைவுகளைச் சுருக்கி ஒரு மணி நேரமாக்கியதுதான் மூல இயக்கம். ஒருவரின் உடல் எவ்வளவு துல்லியமாக மூல இயக்கத்தை ஒத்து அசைகிறது என்பதே ஒப்புமை எண். மாவட்டச் சராசரி தொண்ணூற்றாறு.

"உங்க சாட்சி என்ன சொல்றார்?" என்றார் சூசைமாணிக்கம்.

ராக்கியப்பன் பெஞ்சில் கைவைக்காமல் எழுந்தார். வலதுகால் ஒரு நொடி தயங்கிவிட்டு வந்தது.

"உக்காந்தே சொல்லுங்க பெரியவரே."

"எந்திரிக்கறதைக் காட்டத்தானுங்களே வந்தேன். உக்காந்துட்டுச் சொன்னா யாரு நம்புவாங்க?" அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாச்சுங். வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் சட்டையைக் குடுத்தாங்க. ஆறு மாசம் போட்டேன். குத்தஞ்சொல்லக் கூடாது, நல்லாத்தான் ஆட்டுச்சு. காலைத் தூக்கும், மூணு. கையைத் தூக்கும், மூணு. அப்பறம் கையைக் கட்டிக்கிட்டுத் தலையைச் சாச்சுட்டு நின்னுக்கும். பதினோரு நிமிசம். எதுக்கால செவுரு. செவுத்துல ஒரு பல்லி. முப்பத்தெட்டு வருசம் அசாமு வரைக்கும் லாரி ஓட்டினவன், தெனமும் ஒரு பல்லிக்குக் காவல் நின்னனுங்."

"அது கவனிப்பு ஓய்வு," என்றாள் நிவேதிதா. "தசைக்கு இடைவெளி வேணும்னு மூல இயக்கத்துலயே இருக்கு. கையேட்டுல ஏழாவது பக்கம்."

"இருக்கட்டும் கண்ணு. எனக்குத் தொண்ணூத்தெட்டு வந்துது. பக்கத்து ஊட்டுக்காரனுக்குத் தொண்ணூத்தி நாலுதான், அவனுக்கு ஒரே வயித்தெரிச்சல். ஆனாப் பாரு, தொண்ணூத்தெட்டு வாங்கினவன் கக்கூஸ்ல இருந்து எந்திரிக்க மருமகனைக் கூப்புடோணும். அவன் போனைப் பாத்துட்டே வந்து தூக்குவான். அந்த நேரத்துக்கு, செத்துப்போயிருந்தாத் தேவலைன்னு இருக்கும்."

ராக்கியப்பன் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"அப்பத்தான் இந்தக் கட்டைவிரல் வலி வந்துது. அடிமூட்டு. அதுக்குத்தான் அம்மிணிகிட்டப் போனேன்."

"ஸ்டீயரிங் பிடிச்ச பழைய வலியா இருக்கும்," என்றாள் நிவேதிதா.

"ஸ்டீயரிங்கை உள்ளங்கையில புடிக்கோணும் கண்ணு. கட்டைவிரல்ல புடிக்கறவன் வண்டியில நீ ஏறிராதே."

தமயந்தி குறிப்பேட்டை மூடினாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ராக்கியப்பனின் கட்டைவிரல் அடியில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவர் துள்ளினார். அதே நொடியில் அவள் விரலும் அதே இடத்தில் வலித்தது. வேலைக்கு வந்த ஆறாவது ஆண்டில் அவளிடம் வந்து சேர்ந்த வலி அது. மற்றவர் தசையை நாளெல்லாம் அழுத்துகிறவர்களுக்கு மட்டும் வருவது. பிசியோக்கள் கூடுகிற கல்யாண வீட்டில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அது அவர்களுக்குள் பழைய கேலி. வாழ்நாளில் யாருடைய முதுகையும் பிடித்துவிடாத ஒரு லாரி ஓட்டுநரின் கையில் அந்த வலிக்கு என்ன வேலை? மறுநாள் பழனாத்தாள் வந்தாள். கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, அதே மூட்டு. அந்த வாரத்திலேயே ஒரு தையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார், நகராட்சி மேஸ்திரி ஒருவர். எல்லோருக்கும் அதே மூட்டு, அதே இடுப்பு. எல்லோருக்கும் ஒப்புமை எண் தொண்ணூறுக்கு மேல்.

"சார், ஒரு சின்ன வேலை," என்றாள் தமயந்தி. "நீங்க மூணு பேரும் பேனாவை எப்படிப் புடிச்சிருக்கீங்கன்னு பாருங்க."

மூவரும் பார்த்தார்கள். சூசைமாணிக்கம் பேனாவைச் சாதாரணமாகப் பிடித்து ஒரு கோடு இழுத்தார்; முகம் சுருங்கியது; பழையபடி மாற்றிக்கொண்டார். "வயசாகுது," என்றார்.

"நிவேதிதாவுக்கு முப்பத்தஞ்சுதானுங்களே. அது எங்க வலிங்க சார். என்னோடது, கதிரோடது. நீங்க தினமும் காலையில கால் மணி நேரம் வெறுங்காத்தைக் கட்டைவிரல்ல அமுக்கறீங்க. கையேட்டுல அதுக்கு நுண்விரல் பயிற்சின்னு பேரு. நாங்க நோயாளி முதுகை அமுக்கறதைத்தான் பொறி பதிஞ்சுக்கிச்சு. கட்டில் மேல குனியறதைப் பதிஞ்சுக்கிச்சு. மூணு தடவை செஞ்சு காட்டிட்டு, 'இப்படியே பத்து செய்யுங்க'ன்னு சொல்லிட்டுக் கையைக் கட்டி நின்னு பாக்கறதையும் பதிஞ்சுக்கிச்சு. ராக்கியப்பன் அய்யா பல்லியைப் பாத்துட்டு நின்னாரே, அது நான் அவரை மாதிரி ஒருத்தரைப் பாத்துட்டு நின்னது."

"மூல இயக்கத்துல பிழையே கிடையாது," என்றாள் நிவேதிதா. அவள் குரலில் கோபம் இல்லை. தன் கணக்கைத் தானே திரும்பப் போட்டுப் பார்க்கிறவளின் வேகம் இருந்தது. "இருநூத்திப் பன்னிரண்டு பேர், தொண்ணூறு நாள். துல்லியமான பதிவு."

"துல்லியந்தாங்க. வம்பே அதுலதான். அந்தத் தொண்ணூறு நாள்ல பயிற்சின்னு ஒண்ணு இல்லை. எங்ககிட்ட இருந்தாத்தானே இருக்கும்?"

"தமயந்தி, போதும். உக்காரு," என்றார் கதிர்ச்செல்வன். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையின் நீளத்துக்குத் தள்ளிவிட்டாள். "என்னோட படிவம், நகல். வாரத்துல அஞ்சு நாள்னு எழுதியிருக்கேன். பொய்."

"மூணு நாள் இருக்குமா?" என்றார் சூசைமாணிக்கம்.

"வருசத்துக்கு ஒருக்கா. யோகா நாள் அன்னைக்கு, போட்டோவுக்கு."

பழனாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நிலையத்தோட பேரைக் கெடுக்கற பேச்சு சார்," என்றார் கதிர்ச்செல்வன். "நான் தினம் நடக்கறேன்."

"காரு நிறுத்தற இடத்துல இருந்து லிஃப்ட் வரைக்கும். கதிர், நீ ஆறு நாள்னு எழுதினே. உன் தாளை எட்டிப் பாத்துட்டுத்தான் நான் அஞ்சுன்னு போட்டேன். பொறுப்பாளரைவிட ஒண்ணு கம்மியா இருந்தா நம்பற மாதிரி இருக்குமேன்னு." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "நாங்க கெட்டவங்க இல்லீங்க சார். நாளெல்லாம் இருபது பேருக்கு மூணு மூணாச் செஞ்சு காட்டறோம். பொழுது சாயறப்ப நாமளே செஞ்ச மாதிரி ஒரு நெனப்பு வந்துருது. வாய் சொன்னதை உடம்பு செஞ்சதா எடுத்துக்கறோம். அந்த நெனப்பைத்தான் நீங்க துணியா நெய்து ஊருக்கே போட்டுவிட்டுட்டீங்க."

"பொய்யான தகவல் குடுத்தது தனிக் குற்றம். தெரியுமில்ல?"

"தெரியும். அதையும் கோப்புல சேத்துக்குங்க. பக்க எண் போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்."

"சரி. சட்டையைக் கழட்டிட்டு அந்த ஒன்பது பேரை என்ன பண்ணினீங்க?"

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் நகராட்சி மைதானம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பத்துப் பேரும் அங்கே வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்தார்கள். தமயந்தி அவர்களுக்கு எதிரே நிற்கவில்லை. வரிசையில் ஒருத்தியாக நின்றாள். எதிரே நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் நாற்காலியிலிருந்து கைபடாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, பத்து முறை. பக்கவாதம் வந்த ராக்கியப்பன் நாலு செய்தார். நாற்பத்தைந்து வயது பிசியோ ஆறாவதில் மூச்சிரைத்து நின்றுவிட்டாள். "அம்மிணி, டாக்டரைக் கூப்புடட்டுமா?" என்று அவர் கேட்டதை அந்த மைதானம் இன்றுவரை மறக்கவில்லை.

"இப்ப எத்தனை செய்வீங்க?" என்று நிவேதிதா கேட்டாள்.

"பத்து. மூணு சுத்து."

"என் பையில ஒரு பதிவுச்சட்டை இருக்கு. போட்டுக்கிட்டுச் செஞ்சு காட்ட முடியுமா? உங்க வாய்வார்த்தையை இனி நான் நம்பறதா இல்லை."

அந்தக் கேள்வி தமயந்திக்குப் பிடித்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, தனக்குப் போடப்பட்ட அந்தத் தாழ்ந்த நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடதுகால் முக்கால் அங்குலம் குட்டை. எழும்போது இடக்குதி கொஞ்சம் தரையை விடும். மூன்று முறை ஆனதும் கதிர்ச்செல்வன் பழக்கதோஷத்தில் தலையாட்டினார், போதும் என்பதுபோல. அவள் நாலாவது எழுந்தாள். கடைசி இரண்டுக்குப் பெஞ்சில் இருந்த இருவரும் சேர்ந்து எண்ணினார்கள்.

நிவேதிதா கைத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைச் சூசைமாணிக்கத்திடம் காட்டினாள். இருவரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். அரை மணி நேரம் கழித்து வந்தபோது அதிகாரியின் முகத்தில் ஒரு சிக்கலை அழகாக முடித்துவிட்ட நிம்மதி இருந்தது.

"ஆணையத்தோட பேசிட்டேன். இப்ப இருக்கற மூல இயக்கம் திரும்பப் பெறப்படும். படிவத்துல எழுதினதுக்காக யார் மேலயும் நடவடிக்கை இல்லை; வெளிய தெரிஞ்சா மக்கள் நம்பிக்கை போயிடும். அந்த இருநூத்திப் பன்னிரண்டு பேருல யாரோட பதிவும் இவங்க இப்பச் செஞ்சதுக்குக் கிட்டகூட வரலைன்னு நிவேதிதா சொல்றாங்க. அதனால..." அவர் தமயந்தியைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார், "புதிய மூல உடல் நீங்கதான். ஒரே ஆள். தொண்ணூறு நாள் பதிவு. அப்பறம் மாநிலம் முழுக்க உங்க அசைவு."

"நாலு கோடிப் பேர், தமயந்தி," என்றார் கதிர்ச்செல்வன். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. தப்பித்துக்கொண்டவரின் கண்ணீர் அதில் எவ்வளவு, தோழனின் கண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தமயந்தி சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். "என் இடக்கால் குட்டைங்க."

"அது சராசரியில கரைஞ்சுடும்," என்றாள் நிவேதிதா.

"ஒரே ஆள்ல என்னங்க சராசரி?"

நிவேதிதா கைத்திரையைத் திரும்பப் பார்த்தாள்.

"அப்போ ஊரே நொண்டுமா?" என்றார் ராக்கியப்பன். "எனக்கு ஏற்கெனவே வலக்கால் இழுக்குது. இடக்காலும் இழுத்தாச் சமமாயிருமுங்க."

"சரிபண்ணிடலாம், சரிபண்ணிடலாம்," என்றாள் நிவேதிதா அவசரமாக. தமயந்தியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்; அதில் உண்மையான அன்பு இருந்தது. "ஒண்ணு யோசிங்க மேடம். பதினாலு மாசமா மழையிலயும் பனியிலயும் கஷ்டப்பட்டிருக்கீங்க. பதிவு முடிஞ்சதுக்கப்பறம் நீங்க எதுவுமே செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கும் சட்டை உண்டே. உங்க உடம்பே வந்து உங்களுக்குச் செஞ்சு குடுத்துடும்."

தமயந்தி மடித்த சட்டையை அவள் கையில் கொடுத்தாள். இந்தப் பெண்ணிடம் கோபப்பட முடியவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

"ஏழு நாள் அவகாசம்," என்றார் சூசைமாணிக்கம். "சம்மதத்தை எழுத்துல அனுப்புங்க. சம்மதம் இல்லேன்னா பழைய குற்றச்சாட்டு அப்படியே நிக்கும். பதிவு ரத்து."

ஆறாவது நாள் காலை, மைதானத்தின் சிமெண்டுப் பெஞ்சில் காகிதமும் உறைகளும் இருந்தன. தமயந்தி முழங்காலிட்டு, பெஞ்சை மேசையாக்கி எழுதினாள். கையாலேயே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்; பேனாவைக் கட்டைவிரலால்தான் பிடிக்க வேண்டும் என்றும். பத்து வரிக்கு ஒருமுறை விரலை உதறிக்கொண்டாள்.

அனுப்புநர், பெறுநர், இடம், நாள். பள்ளியில் கற்ற வரிசை மாறவில்லை. பொருள் என்ற இடத்தில் "மூல உடலாக இருக்க மறுப்பது தொடர்பாக" என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

"ஐயா, தங்கள் விசாரணையில் நான் சொன்னவை அனைத்தும் உண்மை. தாங்கள் எடுத்த முடிவு அவற்றைக் கேட்டவர் எடுக்கும் முடிவாக எனக்குத் தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் செய்யாததை நான்கு கோடிப் பேருக்கு அணிவித்தீர்கள். இப்போது நான் செய்வதை அணிவிக்கக் கேட்கிறீர்கள். நான் செய்வது என் குட்டைக் காலுக்கும் என் முதுகுக்கும் சரியாக இருக்கிறது. பழனாத்தாளுக்கு அது பொருந்தாது. அவர் தண்ணீர்க்குடம் தூக்கும் பக்கம் வேறு. அவருடையதை அவர்தான் செய்தாக வேண்டும். எனவே என் உடலைத் தர இயலாது.

என் பதிவு அட்டையை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் ரத்து செய்யும் சிரமம் வேண்டாம். ஒன்பது பேருக்கு நடுவில் பத்தாவது ஆளாக நின்று காலைத் தூக்குவதற்குப் பதிவு எண் தேவை என்று விதிகளில் இல்லை. இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் படித்துவிட்டேன்.

இதன் நகல் மற்ற இருநூற்றுப் பதினோரு பேருக்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு உறையிலும் அந்தப் பழைய கேள்வி உள்ள ஒரு தாள் வைத்திருக்கிறேன்: வாரத்தில் எத்தனை நாள்? இம்முறை உண்மையை எழுதித் தங்களுக்கே நேராக அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் எங்கள் மைதானத்துக்கு வரலாம். ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டும்."

மற்ற நகல்களை, அவளுடைய வரைவைப் பார்த்து, இரண்டு நாளாகப் பத்துப் பேரும் பிரித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். கணக்கு வாத்தியாரின் கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. ராக்கியப்பன் ஏழு நகல் எழுதினார், வலதுகையால். அவற்றில் ஒரு வரி மலையேறும், ஒரு வரி இறங்கும். யாரும் திருத்தவில்லை.

பழனாத்தாள் மைதா காய்ச்சிய பசையைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். உறையின் மடிப்பில் பசை தடவி, ஆளாளுக்குக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்கள். அழுத்தும் ஒவ்வொருவரும் ஒரு கணம் பல்லைக் கடித்தார்கள்.

ஏறத்தாழ முடிகிற வேளையில் கதிர்ச்செல்வன் வந்தார். நேராக வந்து பெஞ்சில் உட்காரப் போனார்.

"பெஞ்சு கடுதாசிக்குங்க," என்றாள் பழனாத்தாள். "ஆளுக்கில்லை."

அவர் நின்றார். வலது தோள் தாழ்ந்திருந்தது. "சம்மதம்னு எழுதிட்டியான்னு பாக்க வந்தேன்."

"பாத்துக்கோ." தமயந்தி ஒட்டாத உறை ஒன்றை நீட்டினாள். "உன்னோடது இதுதான். தபால்ல போட வேண்டியதில்லாமப் போச்சு."

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "இது போனா, பொறுப்பாளர்ங்கற முறையில முதல்ல என்னையத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். ஆறு நாள்னு எழுதினவன் நீதானே?"

"நீ மட்டும் சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் உனக்கு..."

"கதிர், கல்லூரியில முதல் வருசம், நீ எனக்கு ஒரு வலி மாத்திரை குடுத்தியே, முட்டி வலிக்கு. உனக்கும் வலி இருந்துது. மாத்திரை ஒண்ணுதான் இருந்துது. நான் முழுங்கினேன். உன் வலி போச்சா?"

கதிர்ச்செல்வன் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார். பிறகு அந்தக் கேள்வித்தாளைப் பெஞ்சில் வைத்து, குனிந்து, பேனாவை இரண்டு விரல்களுக்கு இடையில் செருகி ஒரு வட்டம் போட்டார். பூஜ்யத்தைப் போடுவதற்கு ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆனதைப் பழனாத்தாள் அதுவரை பார்த்ததில்லை. பசைச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். தாளை ஆணையத்துக்கான உறை ஒன்றில் வைத்துத் தானே ஒட்டி, தானே அழுத்தினார். "அம்மா," என்றார் மெதுவாக.

"வலிக்கும்," என்றாள் தமயந்தி. "யாராவது ஒரு நாற்காலி குடுங்க இவருக்கு. உக்கார இல்லை."

அவள் ஆணையத்துக்கான முதல் கடிதத்துக்குத் திரும்பினாள். கையெழுத்துக்கு மேலே இன்னும் இடம் இருந்தது. அதில் எழுதினாள்:

"இக்கடிதம் முடிக்கப்பட்டபோது உடனிருந்தவர்கள் பதினொரு பேர். இடம்: சந்தைப்பேட்டை மைதானம், வேப்பமரத்துக்குக் கிழக்கே, ஒரே வரிசை. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை."

பதிவு அட்டையை உள்ளே வைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்தில் இருந்த பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு மடிப்பை மூடினாள். பசை தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தாள்.

"நான் போட்டுட்டு வர்றேன்," என்று ராக்கியப்பன் பையைத் தோளில் மாட்டினார். தபால்பெட்டி பேருந்து நிலைய முக்கில், சாலைக்கு அந்தப் பக்கம். போக முந்நூற்றைம்பது அடி. நடுவில் ஒரு வாய்க்கால் பலகை.

"பை கனமுங்களே," என்றாள் பழனாத்தாள்.

"லோடு ஏத்தாத வண்டி குலுங்கும் ஆத்தா."

அவர் நடந்தார். வலதுகால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு நொடி தாமதித்து வந்தது. தமயந்தியின் இரு கைகளும் தாமாக உயர்ந்து மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளப் பார்த்தன; தலை சாய்ந்தது; கண் அவருடைய முழங்காலைத் தேடியது. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். அவள் கைகளைக் கீழே இறக்கினாள். சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசையில் தன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கதிர்ச்செல்வன்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

கதிர்ச்செல்வன் நின்றுவிட்டார். கைகள் இடுப்புக்குப் போயின.

"நாலு," என்றாள் தமயந்தி, எழுந்தபடி.

வாய்க்கால் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் ஏழு எண்ணும்போது, சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தபால்பெட்டியின் தகர மூடி ஓங்கி அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது.